எந்தப் பெயர் மறையலாம், எது மறையக்கூடாது? எல்லையோர வரைபடத்துக்கு அக்கா தரும் டிப்ஸ்

தங்கச்சி, பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு இணைய வரைபடம் போடப்போவதாகச் சொன்னாய். டிவிஷன், ஜீப் நிற்கும் இடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை எல்லாம் தமிழில் தெரிய வேண்டும் என்கிறாய். நல்ல காரியம், செய். இங்கே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை ஊர்களுக்கு நானும் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். சாலையும் ஆறும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சீக்கிரமே வந்துவிடும். ஆளை உட்காரவைத்து வேலை வாங்குவது அதன்மேல் நிற்கும் லேபிள்தான், அது எழுத்தானாலும் சரி, படமானாலும் சரி.

ஒரு வரி நிரல் எழுதும் முன்பே ஒரே ஒரு சொல்லைத் திரையில் போட்டுப் பார்: கொழிஞ்சாம்பாறை. கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்கு யூனிகோடில் அது 14 குறி. க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஞ ஒன்று, அதன் புள்ளி தனியாக ஒன்று என்று போகும். ஒகரக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும், ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், புள்ளி தலைமேல் சரியாக உட்கார வேண்டும். மூன்று சோதனையும் இந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. இது ஒழுங்காக வந்தால் இடுக்கி, பாலக்காட்டுப் பெயர்கள் எல்லாம் வரும்.

வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. மேப்லிப்ரே என்ற நூலகத்தைப் பலரும் எடுக்கிறார்கள். மேப்பாக்ஸ் தன் உரிமத்தை மாற்றியபோது 2020 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. வேகமானது, இலவசமானது. ஆனால் இது எழுத்துருவை 256 குறிகள் கொண்ட துண்டுக் கோப்புகளாக இறக்கி, ஒவ்வொரு குறிக்கும் ஒரு சிறு படமாக வரிசையில் ஒட்டுகிறது. கொம்பை முன்னால் நகர்த்தும் வேலை இந்த வரிசைக்குத் தெரியாது. ‘பாறை’யில் ஐகாரக் குறி றகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தள்ளிப்போகும். பதிப்புக்குப் பதிப்பு நிலைமை மாறலாம். அதனால் யார் என்ன சொன்னாலும் உன் கையிலிருக்கும் பதிப்பில் நீயே போட்டுப் பார்.

தமிழ் எழுத்தே வராமல் வெறுமையாக இருந்தால் அது வேறு நோய். பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து 2816-3071 என்ற பெயருள்ள கோப்பு வந்திருக்கிறதா என்று பார். தமிழ்க் குறிகள் 2944-லிருந்து 3071 வரை இருப்பதால் அவை அந்தத் துண்டுக்குள்தான் வரும். அது 404 காட்டினால் உன் எழுத்துரு சர்வரில் தமிழே இல்லை என்று அர்த்தம். மலையாளத்துக்கு 3328-3583.

எழுத்து உடைந்தால் தப்பிக்க மூன்று வழி. இருநூறு முந்நூறு பெயர்தான் என்றால் லீஃப்லெட் நூலகத்தை எடு. டூல்டிப்பில் ‘பெர்மனென்ட்’ என்று கொடுத்துவிட்டால் லேபிள் எப்போதும் தெரியும். அதை எழுதுவது பிரவுசரே என்பதால் தமிழ் பிசகாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பெயர்களை லீஃப்லெட் தானாக விலக்காது. எந்த ஜூம் அளவில் எது தெரிய வேண்டும் என்பதை ‘ஜூம்எண்ட்’ நிகழ்வில் நீயேதான் எழுத வேண்டும். இரண்டாவது ஓப்பன்லேயர்ஸ். இதுவும் எழுத்தைப் பிரவுசரின் கேன்வாஸில் எழுதுவதால் தமிழ் சரியாக வரும், லேயரில் ‘டிக்ளட்டர்’ என்பதை ட்ரூ ஆக்கினால் மோதும் பெயர்களையும் விலக்கிவிடும். உன் வேலைக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

மூன்றாவது வழி, மேப்லிப்ரேயை விட மனமில்லாதவர்களுக்கு. பெயரை எழுத்தாகக் கொடுக்காமல் படமாகக் கொடுப்பது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கேன்வாஸில் பெயரை எழுதி, அதன் பிக்சல்களை எடுத்து ‘ஆட்இமேஜ்’ மூலம் ஒரு படமாகப் பதிந்துவிட்டு, லேயரில் ‘டெக்ஸ்ட்-ஃபீல்டு’க்குப் பதில் ‘ஐகான்-இமேஜ்’ என்று அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாப் பெயரையும் முதலிலேயே வரைய வேண்டியதில்லை. தேவைப்பட்ட படம் கிடைக்காதபோது ‘ஸ்டைல்இமேஜ்மிஸ்ஸிங்’ என்ற நிகழ்வு எழும், அப்போது அந்த ஒரு பெயரை மட்டும் வரைந்து கொடுத்தால் போதும். இதில் இரண்டு விஷயம் கவனம். எழுத்துரு முழுதாக இறங்கும்வரை காத்திருந்து வரை, இல்லையென்றால் கைப்பேசியின் சொந்த எழுத்துரு ஏறிவிடும். இரட்டை அளவில் வரைந்து ‘பிக்சல்ரேஷியோ’ 2 என்று சொல், அப்போதுதான் எழுத்து மங்காது. மோதலை விலக்கும் வசதி படத்துக்கும் உண்டு என்பதால் அது கைவிட்டுப் போகாது.

வளைந்து போகும் சாலையோடு எழுத்தையும் வளைத்து எழுதுவதை மலைப்பாதையில் தவிர்த்துவிடு. வளைப்பதற்காக எழுத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது குறிகள் உதிரும். அதுபோகக் கொண்டை ஊசி வளைவில் எந்த எழுத்தும் படிக்கும்படி நிற்காது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளுக்கும் பெயர் ஓட்டுவதைவிட, ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட சின்ன வட்டம் வைப்பது எத்தனையோ மேல்.

இனி தரவு. திரையில் தெரியும் தவறுகளில் பாதி, தரவில் ஏற்கெனவே இருந்தவை. உனக்கு வரும் பட்டியல் பழைய வானவில் எழுத்துருவிலோ பாமினியிலோ டைப் செய்ததாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் தொடாதே. யூனிகோடிலேயே வந்தாலும் ஒகரத்தை ஒரே குறியாகத் தட்டியவரும் உண்டு, எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகத் தட்டியவரும் உண்டு. பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் மட்டும் கிடைக்காது. ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்ற ஒரே கட்டளையில், என்எஃப்சி என்று சொல்லி, எல்லாப் பெயரையும் ஒருமுறை அலசி எடுத்துவிடு.

மலையாளப் பெயர்களில் இதைவிட ஒரு சிக்கல் உண்டு. மூணாறை மலையாளத்தில் எழுதினால் கடைசியில் வருவது சில்லெழுத்து. 2008-இல் வந்த யூனிகோடு 5.1-லிருந்துதான் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறி கிடைத்தது. அதற்கு முன்னால் மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். பழைய கோப்பிலிருந்து வரும் மூணாறும் புதிய கோப்பின் மூணாறும் கணினிக்கு இரண்டு ஊர். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, மாற்று அட்டவணை ஒன்றை நீயே எழுதி ஓட்ட வேண்டும்.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று எட்டு எழுத்தில் வெட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. சாதாரண வெட்டுக் கட்டளை குறிகளைத்தான் எண்ணும், எழுத்தை எண்ணாது. புள்ளி ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டுவிடும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ‘இன்ட்ல் செக்மென்டர்’ கொண்டு எழுத்தாகப் பிரித்து வெட்டு. என்னைக் கேட்டால் ஊர்ப் பெயரை வெட்டவே கூடாது.

எந்த மொழியில் காட்டுவது? நம் பக்கம் மூன்று மொழி வேண்டும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது, மதராஸ் மாநிலத்து மலபாரில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளம், பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பேருந்துக்குப் பலகை எழுதுபவரும், தாலுகா அலுவலகத்தில் மனு கொடுப்பவரும், வெளியூரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஒரே பெயரைப் படிப்பதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் புலம் இருக்கிறது, தமிழுக்கு ‘நேம்:டிஏ’, மலையாளத்துக்கு ‘நேம்:எம்எல்’. தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் மலையாளம், அதுவும் இல்லாவிட்டால் பொதுப் பெயர் என்று மேப்லிப்ரேயின் ‘கோஅலெஸ்’ கட்டளையில் வரிசை சொல்லிவிடலாம். ஆனால் ‘கோஅலெஸ்’ தாண்டிப்போவது இல்லாத மதிப்பைத்தான். எக்செல்லிலிருந்து சிஎஸ்வி ஆக்கிய கோப்பில் காலிக் கட்டம் ‘வெற்றுச் சரம்’ ஆக வரும், அதை மதிப்பு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு லேபிளை வெறுமையாக விட்டுவிடும். தரவை ஏற்றும்போதே வெற்றுச் சரங்களை ‘நல்’ (null) ஆக்கிவிடு.

மொழி மாற்றும் பட்டன் வைப்பாய் அல்லவா, அதில் எல்லா லேயரையும் சுற்றிவந்து ‘செட்லேஅவுட்ப்ராப்பர்ட்டி’யால் ‘டெக்ஸ்ட்-ஃபீல்டு’ மாற்றும் நிரலைப் பலரும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அது நெடுஞ்சாலை எண்ணையும் அழித்துவிடும். போடிமெட்டு வழியாக வரும் 85, குமுளி வழியாக வரும் 183, வாளையாறு வழியாக வரும் 544 எல்லாம் காணாமல்போகும், ஏனென்றால் அவற்றின் எழுத்து ‘நேம்’ புலத்திலிருந்து வருவதில்லை, ‘ரெஃப்’ என்ற வேறு புலத்திலிருந்து வருகிறது. எந்த லேயர்களில் மாற்ற வேண்டும் என்ற பட்டியலை நீயே கையால் எழுதி வை.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எல்லாப் பெயருக்கும் திரையில் இடம் இருக்காது. இது கம்பம் பஸ்ஸில் சீட் பிடிப்பது மாதிரி, முதலில் ஏறியவருக்கு இடம், பின்னால் வந்தவர் வெளியே. யார் முதலில் ஏற வேண்டும் என்று நீ சொல்லாவிட்டால் நிரலும் தரவும் அவை பாட்டுக்கு முடிவு செய்துவிடும். ஆயத்த ஸ்டைல்களில் நகரம், பேரூர், கிராமம் என்ற வரிசை இருக்கும், அதன்பின் சுற்றுலா இடமும் ஹோட்டலும் வரும். தோட்டத்து டிவிஷனுக்கு அந்த வரிசையில் இடமே இருக்காது. மூணாறைச் சுற்றி ரிசார்ட் பெயராக நிறைந்திருக்கும், நூறு குடும்பம் குடியிருக்கும் லயம் பச்சை நிறமாகக் கிடக்கும்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரை இழந்தோம், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டும் போனும் அற்றுப்போயிருந்ததால் சேதி வெளியே போய்ச்சேரவே விடிந்துவிட்டது. வரைபடத்தில் பெயர் இருந்திருந்தால் மலை நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு ஓடிவரும் மீட்பு வண்டிக்கு எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், எந்த வளைவில் திரும்புவது என்று தெரிய வேண்டும். அது தெரியாத வரைபடம் நம் மலைக்கு ஆகாது.

அதனால் உன் அட்டவணையில் ‘முன்னுரிமை’ என்று ஒரு பத்தி சேர். சுகாதார நிலையம் முதலில், டிவிஷனும் லயமும் அடுத்து, பிறகு ஜீப் நிற்கும் இடமும் பள்ளிக்கூடமும். கடை, ரேஷன், அட்சயா சென்டர் அதன்பின். காட்சிமுனையும் ரிசார்ட்டும் கடைசி. எண் போடும்போது நூலகத்தைப் பார்த்துப் போடு. மேப்லிப்ரேயின் ‘சிம்பல்-சார்ட்-கீ’யில் சின்ன எண்தான் முதலில் இடம் பிடிக்கும். ஓப்பன்லேயர்ஸின் ‘இசட்-இண்டெக்ஸ்’ஸில் பெரிய எண். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் 0-விலிருந்து 10 வரை, பெரியதற்கே முன்னுரிமை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகல் எடுத்தால் ரிசார்ட் முன்னாலும் ஆஸ்பத்திரி பின்னாலும் போய்விடும். மேப்லிப்ரேயில் லேயர்களுக்குள்ளும் ஒரு முறை இருக்கிறது, மேலே இருக்கும் லேயரின் லேபிள்தான் முதலில் இடம் பிடிக்கும். டிவிஷன் லேயரை அடிப்படை வரைபடத்தின் ஊர்ப் பெயர்களுக்குமேல் வை.

‘அலோ-ஓவர்லாப்’ என்பதை ட்ரூ ஆக்கினால் எதுவுமே மறையாது என்று சொல்லித்தருவார்கள். எழுத்துக்கு அதைச் செய்யாதே, இரண்டு பெயர் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரண்டையுமே படிக்க முடியாமல் போகும். படத்துக்கு மட்டும் கொடு. கூடவே ‘டெக்ஸ்ட்-ஆப்ஷனல்’ என்பதையும் ட்ரூ ஆக்கு. பெயருக்கு இடமில்லாவிட்டால் பெயர் மட்டும் விலகும், சிலுவை போட்ட ஆஸ்பத்திரிப் படம் நிற்கும். ஓப்பன்லேயர்ஸில் இதற்கு ஈடாக ஐகானின் ‘டிக்ளட்டர்மோட்’ என்பதில் ‘ஆப்ஸ்டகிள்’ என்று போடலாம். படம் எப்போதும் வரும், வேறு எழுத்தும் அதன்மேல் ஏறாது. பெயரை ஒரே பக்கத்தில் கட்டிவைக்காமல் வலம், இடம், மேல், கீழ் எங்கே காலியோ அங்கே போகட்டும் என்று மேப்லிப்ரேயில் ‘டெக்ஸ்ட்-வேரியபிள்-ஆங்கர்’ கொடுத்தால் பாதிப் பெயர்கள் தாமாகவே பிழைத்துக்கொள்ளும்.

தோட்டத்துப் பெயர்களில் ‘லோயர் டிவிஷன்’, ‘டாப் டிவிஷன்’ எல்லா எஸ்டேட்டிலும் உண்டு. வெறும் ‘லோயர் டிவிஷன்’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. மேலே டிவிஷன் பெயர், கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் எஸ்டேட் பெயர் என்று இரண்டு வரியாக வை. மேப்லிப்ரேயில் ‘ஃபார்மட்’ கட்டளையில் இரண்டாவது வரிக்கு ‘ஃபான்ட்-ஸ்கேல்’ 0.75 கொடுத்தால் வந்துவிடும். எங்கள் பக்கத்து மீனாட்சிபுரத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இதே கதைதான், தமிழ்நாட்டில் அதே பெயரில் எத்தனையோ ஊர் உண்டு. இடமலைக்குடி முதுவான் குடிகளின் பெயர்களை அங்கே இருப்பவர்கள் சொல்கிறபடி கேட்டு எழுது. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆன இடம் அது. பிறர் காதில் விழுந்த பெயரைப் போட்டு அனுப்பாதே.

படங்களைப் பற்றிச் சில. கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களில் பலர் எழுத்தைவிடப் படத்தைச் சட்டென்று பிடிப்பார்கள். ஜீப் நிற்கும் இடத்துக்கு ஜீப் படமே போடு, பொதுவான பஸ் படம் வேண்டாம். ஒரே நிறப் படங்களை மேப்லிப்ரேயில் எஸ்டிஎஃப் வகையாக ஏற்றினால் ஒரே படத்தை நிரலிலேயே வேறு வேறு நிறத்தில் காட்டலாம். உதாரணத்துக்கு, ஓடும் ஜீப் பச்சை, மழைக்கு நின்றது சிவப்பு. சாலை எண்ணுக்குக் கேடயப் படத்தின்மேல் எழுத்து வரும். ‘ஐகான்-டெக்ஸ்ட்-ஃபிட்’ கொடுத்தால் 85-க்கும் 183-க்கும் கேடயம் தானே அகலத்தை மாற்றிக்கொள்ளும். யானை நடமாட்டத்துக்குப் படம் வைத்தால் கண்ட நேரத்தையும் லேபிளில் எழுது, பழையது தானாக மறையும்படி ஃபில்டர் வை. சின்னக்கானல் பக்கம் நேற்றைய யானைப் படத்தை இன்றைக்கும் காட்டினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள், நாளைக்கு நிஜமாகவே வரும்போதும் பார்க்க மாட்டார்கள்.

எழுத்தின் தோற்றத்துக்கு: தேயிலைப் பச்சைமேல் கறுப்பு எழுத்து அமுங்கிவிடும், சுற்றிலும் வெள்ளை ஒளிவட்டம் வேண்டும். மேப்லிப்ரேயில் அதன் அகலம் எழுத்தளவில் கால்பங்கைத் தாண்டாது, 12-க்கு 3 வரைதான். தமிழில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியை 1.2-லிருந்து 1.4 ஆக்கு. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் வெளியிட்ட மீரா இனிமையும் எனக்குப் பிடிக்கும், அவர்களுடைய மலையாள எழுத்துருவோடு பக்கத்தில் வைத்தால் ஒரே கை எழுதியதுபோல இருக்கும்.

ஏரிக்கும் காட்டுக்கும் பெயர் வைக்கும்போது நடுமையத்தை நம்பாதே. தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கம் விரல் விரலாகக் காட்டுக்குள் பிரிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட உருவத்தின் நடுமையம் கரையில் விழக்கூடும். க்யூஜிஐஎஸ்ஸில் ‘போல் ஆஃப் இன்அக்ஸஸிபிலிட்டி’ என்ற கட்டளை கரையிலிருந்து மிகத் தள்ளிய இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அங்கே ஒரு புள்ளி வைத்து அந்தப் புள்ளிக்குப் பெயர் வை. டைல்களாக வெட்டிய வரைபடத்தில் ஒரே ஏரிக்கு நான்கு முறை பெயர் வருவதும் இதனால் நின்றுவிடும். பரம்பிக்குளத்துக்கு எங்கள் வரைபடத்தில் கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ‘வழி: சேத்துமடை, டாப்ஸ்லிப்’ என்று. அது பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வண்டி போவது தமிழ்நாடு வழியாக.

இணையம் எட்டாத டிவிஷன்களுக்கு அச்சுப் பிரதி வேண்டும், அதைக் க்யூஜிஐஎஸ்ஸில் பைத்தான் கொண்டு செய். லேபிள் அமைப்பை எழுதிவிட்டு ‘செட்லேபிள்ஸ்எனேபிள்டு’ என்பதையும் ‘ட்ரிக்கர்ரீபெயின்ட்’ என்பதையும் கூப்பிட்டால்தான் திரையில் தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைப் பாதைகளாக ஏற்றும் தேர்வை வை, அச்சுக்கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து கலையாது. மஸ்டர் எடுக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுவதென்றால் ஏ3 தாள், 300 டிபிஐ. டிவிஷன் பெயரை 14 புள்ளிக்குக் குறைக்காதே. முன்னுரிமைப் பத்தியை நிரப்பியதும் அந்த சிஎஸ்வியை எனக்கு அனுப்பு கண்ணு, டிக்ளட்டர் போட்டு ஓட்டிப்பார்த்து எந்தெந்த டிவிஷன் இன்னும் மறைகிறது என்று பட்டியல் எடுத்துத் தருகிறேன்.